நாலாவது நட்டு

துருப்பிடித்த தண்ணீர் கொதித்து மண்ணில் விழும்போது ஒரு வாசனை வரும். பழைய இரும்பு, கிரீஸ், கருகிய ரப்பர், அதற்கும் அடியில் மழைக்கு முந்தின புழுதி. போன வாரம் தட்டாஞ்சாவடி தாண்டி திண்டிவனம் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் கந்தல் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. மற்றவர்கள் இறங்கி நிழல் தேடிப் போனார்கள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"தள்ளி நில்லும்மா, மூஞ்சில அடிச்சிடும்" என்றார் டிரைவர்.

அடிக்கட்டும் என்றிருந்தது. அந்த வாசனைக்குள் எங்கள் வீட்டுப் பின்வாசல் இருந்தது. கிணறு இருந்தது. கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே, பிடிவாதம் பிடிக்கிற ஒரு பிராணியைப் போல, அண்ணனின் நீல வண்டி நின்றுகொண்டிருந்தது. என் வலது கை தானாகவே மூடிக்கொண்டது, ஒரு நட்டைப் பிடித்திருப்பது மாதிரி. எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஞாபகம் மனசில் இருக்கும். எனக்கு இது விரலில் இருக்கிறது.

அது யுத்தத்துக்கு முன்னால் பிரான்ஸில் செய்த வண்டி. ரேசுக்கு ஓட்டுகிற சாதி. கூரை கிடையாது, நீண்ட மூக்கு, குதிரைச் சேணம் மாதிரி தோல் வைத்துத் தைத்த இரண்டே இரண்டு சீட்டு. அண்ணன் வேலை பார்த்த மில்லில் எஞ்சினியராக இருந்த ஒரு வெள்ளைக்கார முசியே, பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறினதும் தன் ஊரைப் பார்க்கக் கிளம்பியவர், பெயருக்கு ஏதோ வாங்கிக்கொண்டு அதை அண்ணனிடம் தள்ளிவிட்டுப் போனார். கருவடிக்குப்பத்துப் பக்கம் எங்கள் தெருவில் அப்போது சைக்கிள் வைத்திருந்தவர்களே கொஞ்சம். அந்தத் தெருவில் அது நுழைந்த நாளில் நாய்கள் எல்லாம் பின்னாலேயே ஓடி வந்தன. முதல் மூன்று மாதம் கடற்கரை வரைக்கும் ஓடியது. பிறகு மூக்கிலிருந்து தண்ணீர் வடிய ஆரம்பித்தது. பிறகு மூக்குக்குள் ஒரு கிறீச்சொலி. பிறகு நின்றுவிட்டது.

காரணம் கண்டுபிடித்தவள் நான். முசியே வீட்டில் இருந்தவரைக்கும் வண்டி குழாய்த் தண்ணீர் குடித்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் கையெட்டும் தூரத்தில் இருந்த கிணற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினான். கடலுக்குப் பக்கத்துக் கிணறு, துணிக்கு சோப்பு நுரைக்காத தண்ணீர். சோற்றுக்கு மட்டும் தெருக்குழாயில் நின்று குடம் பிடிப்போம், வண்டிக்கு யார் பிடிப்பார்கள்? உப்பு உள்ளே உட்கார்ந்து, தண்ணீரைச் சுழற்றி அனுப்புகிற பம்ப்பை அரித்துவிட்டது.

"மனுஷன் குடிக்க மாட்டான், அதுக்கு மட்டும் ஊத்தின" என்றேன்.

"அதுக்கு நாக்கு இல்லன்னு நெனச்சேன்" என்றான் அண்ணன்.

ஒரு வருஷம் அப்படியே நின்றது. எங்கள் வெடைக்கோழி டிரைவர் சீட்டில் முட்டையிடப் பழகிக்கொண்டது. "முட்டைக்காவது ஆச்சே" என்பாள் அம்மா.

இப்போது எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, சாதாரணச் சிப்பாய். இந்தோசீனா போனவர் திரும்பி வரவில்லை. கிளம்பின அன்றைக்கு அவர் அவசரத்தில், வாசலில் நின்று, "போறேன்" என்று சொல்லிவிட்டார் என்பது அம்மாவின் கணக்கு. அதனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையே கிடையாது. உப்பு வாங்கக் கடைக்குப் போனாலும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். வழியனுப்புகிறவரும் "போ" என்று ஒற்றையாகச் சொல்லக் கூடாது, "போயிட்டு வா" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு அண்ணன் அம்மாவின் தலையில் கை வைத்து, நான் கப்பல் ஏற மாட்டேன் என்று சொன்னான். அப்போது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை.

கொடி மாறி இரண்டாவது வருஷம் எனக்கு மெட்ராஸில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருஷம், ஹாஸ்டலோடு. நான் படித்தது பிரெஞ்சில். ப்ரெவே பரீட்சை பாஸ் செய்தவள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இனி இந்த ஊரில் என்ன செய்வது என்று யாருக்கும் சொல்லத் தெரியாத காலம் அது. டிரெயினிங் முடித்தால் பள்ளிக்கூடத்தில் வேலை. முடிக்காவிட்டால் அடுப்பங்கரை. நடுவில் வழி எதுவும் தெரியவில்லை.

தடையாக இருந்தது அம்மாவின் முழங்கால்தான். மூட்டு வீங்கி, உட்கார்ந்தால் எழ ஒரு ஆள் வேண்டும், எழுந்தால் உட்கார ஒரு ஆள் வேண்டும். சொந்தம் என்று உழவர்கரையில் ஒரு சித்தப்பா இருந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"நீ போயிட்டு வா பாப்பா" என்றான் அண்ணன். எனக்கு இருபத்திரண்டு வயதாகியும் அவனுக்கு நான் பாப்பாதான். "ரெண்டு வருஷம்தான? அம்மாவ நான் பாத்துக்கறேன். மில்லு ஷிஃப்டு முடிஞ்சா நேரா வூடு."

"சோறு?"

"ஆக்கத் தெரியாதா எனக்கு?"

"வெந்நீரே கருகிப் போவும் உன் கையில."

"பரவால்ல. கருகின வெந்நீரு முட்டிக்கு நல்லது."

அம்மா சிரித்தாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அவன் அதைச் சொன்னான்: "அதுக்குள்ள வண்டிய சரி பண்றேன். உன்ன நானே மெட்ராஸ்ல கொண்டு உடறேன். ஹாஸ்டல் வாசல்ல நம்ம வண்டியில போய் எறங்கு. அல்லாரும் பாக்கட்டும்."

அந்த ஒரு சொல்லில் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வண்டி அசைவதற்கு முன்னாலேயே என் கூந்தல் காற்றில் பறக்க ஆரம்பித்துவிட்டது.

மெட்ராஸில் யாரோ ஒருவரிடம் அதே வண்டிக்கான பம்ப் இருக்கிறது என்றான். "அந்த வண்டி மேல பைத்தியமா இருக்கற ஆளு" என்றான். மரப்பெட்டியில் வைக்கோல் பொதிந்து லாரியில் வந்து சேர்ந்தது. நான்தான் பெட்டியைப் பிரித்தேன். இரண்டு உள்ளங்கை கொள்ளுகிற எடை. சாம்பல் நிற வார்ப்பிரும்பு, நடுவில் பளபளக்கிற தண்டு. தண்டைச் சுண்டினால் சத்தமில்லாமல் சுற்றி, சத்தமில்லாமல் நின்றது. யாரோ முன்பின் தெரியாத ஆள் எதற்காக இத்தனை அக்கறையாக வைக்கோல் பொதிந்து அனுப்புகிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. நல்லது நடக்கும்போது ஏன் என்று யார் கேட்கிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையதைக் கழற்றினோம். ரேடியேட்டரை முழுதாக வெளியே எடுத்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் அதன் தேன்கூட்டுத் தகடு இற்றுப் போயிருந்தது. அசைத்தால் பொலபொலவென்று உதிரும், அதற்கு வேறு கிடைக்காது. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த சந்தில் கையை விட்டுத்தான் எல்லாம் செய்ய வேண்டியிருந்தது. தண்ணீரை வடித்தோம். டீ நிறத்தில், பிறகு கோகோ நிறத்தில் வந்தது. மேல் குழாய், கீழ்க் குழாய், விசிறி, பெல்ட் எல்லாம் வந்தன. பம்ப்பை எஞ்சினோடு பிடித்திருந்தது நாலு நட்டு. மூன்றை அண்ணன் திருகி எடுத்தான். நாலாவது கீழே, பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அவன் கை மணிக்கட்டோடு மாட்டிக்கொண்டது. இழுத்தான். தோல் உரிந்தது. பிரெஞ்சில் ஒன்றும் தமிழில் ஒன்றும் திட்டினான்.

"தள்ளு" என்றேன்.

என் கை போயிற்று. முழங்கை வரைக்கும் போயிற்று. விரல் நுனியில் அந்த நட்டின் ஆறு பக்கமும் தெரிந்தது. நட்டுத் திருகுகிற குட்டைச் சாவியை வைத்து, கால் சுற்று, எடுத்து மாற்றி, மறுபடி கால் சுற்று. வளையல் ரேடியேட்டரில் உரசி உடைந்தது. கடைசியில் நட்டு என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக விழுந்தபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ இல்லன்னா இந்த வண்டி நகராது பாப்பா" என்றான்.

அன்றைக்கு அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

பழைய பம்ப்புக்குள்ளே இருந்த சக்கர இதழ்கள் எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தன. உப்பு. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்தப் பக்கத்துத் தண்ணி எதத்தான் உட்டு வெச்சுது" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, உடைந்த வளையல் கீறின இடத்தில் மஞ்சளை அப்பினாள். அப்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அப்பினாள்.

அடுத்த ஞாயிறு புதியதைப் பொருத்துவது. எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பார்த்தால் ஒன்று குறைந்தது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு காகித பேக்கிங் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் கசியும். மெட்ராஸ்காரர் பம்ப்பை அனுப்பினாரே தவிர பேக்கிங்கை அனுப்பவில்லை. அண்ணன் ஸ்பானர் இரவல் வாங்க மில்லுக்குப் போயிருந்தான். வீட்டில் இருந்த காலண்டர் அட்டை தண்ணீர் பட்டால் ஊறிப் பிய்ந்துவிடும். யோசித்தேன். கெட்டியான, முறுக்கான பழுப்புக் காகிதம். தையல்காரர் அளவு வெட்டி வைக்கிற காகிதம்.

தெருமுனையில் அவர் கடை. காலால் மிதிக்கிற மெஷின், கழுத்தில் டேப், வாயில் ஊசி. ஊசியை எடுக்காமலேயே பேசுவார், விழுங்கவும் மாட்டார்.

"இன்னாம்மா, ஜாக்கெட்டா?"

"இல்ல மாமா. வெட்டு அட்டை ஒரு துண்டு வேணும். வண்டி பம்ப்புக்கு."

"வண்டிக்கு ஜாக்கெட்டா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்க."

அவர் எழுந்து ஆணியில் தொங்கிய கட்டில் தேடினார். ஒன்றை உருவி எடுத்தார். நீளமாக, தோளில் அகன்று மணிக்கட்டில் குறுகி, ஒரு கை வடிவம். நீலச் சாக்குக்கட்டிக் கோடு ஓரத்தில் இருந்தது.

"இத எடுத்துக்கோ. உங்க அண்ணன் கோட்டோடதுதான். தைச்சு முடிச்சிட்டேன், இனிமே வேணாம். கை மட்டும் கொஞ்சம் நீளம் இருந்துச்சு, இறக்கிட்டேன்னு சொல்லு. நாளைக்கு விடியக்காலம் வாங்கிக்கறேன்னுச்சு."

"எந்தக் கோட்டு?"

"கம்பளிக் கோட்டுதான். இந்த வெயில்ல அத மடியில வெச்சுத் தைக்கறது இருக்கே, கர்ப்பமா இருக்கற பூனைய மடியில போட்டுக்கிட்ட மாதிரி." அவர் சிரித்தார். "இந்த மெஷின்ல எத்தினி பேரக் கப்பல் ஏத்திருக்கேன் தெரியுமா. எனக்குத்தான் யாரும் சீட்டு எடுத்துத் தரல."

எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் வேண்டாம். மார்கழியில்கூட ஒரு மெல்லிய துண்டு போதும் எங்களுக்கு. கம்பளிக் கோட்டு தைக்கக் கொடுக்கிறவன் எங்கே போகிறான் என்று தெருவில் நடக்கிற குழந்தைக்கும் தெரியும். அப்படித் தைத்தவர்கள் அதை மறைக்க மாட்டார்கள். தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்வார்கள், வியர்க்க வியர்க்க. அதுதான் முறை. மறைத்துத் தைத்தவன் என் அண்ணன் ஒருவன்.

தையல்காரரின் முகம் மெல்ல மாறியது. ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "உனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும் மாமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் எதிரில் சின்னவளாக நிற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காகிதக் கையை மடிக்காமல் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். காற்றில் அது ஆடியது. யாரோ ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து சுதும்பு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சாம்பலில் தேய்த்த கை. காகிதத்தைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்கவில்லை. அது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

"உனக்கும் தெரியும்" என்றேன்.

மீனைத் திருப்பிப் போட்டாள்.

"எப்பலேருந்து?"

"பொங்கலுக்கு அப்புறம்." அவள் தலை நிமிரவில்லை. "மில்லுல ஆள் கொறைக்கறாங்களாம். அப்பா பேர்ல அவனுக்குக் காயிதம் கெடைக்குதாம் பிரான்ஸு போவ. இப்ப உட்டா அப்புறம் உடமாட்டாங்களாம். இன்னா பண்ணச் சொல்ற?"

"உன் தலையில கை வெச்சு சொன்னானே."

"அந்தத் தலைதான் வுட்டுக் குடுத்துச்சு. போவட்டும். ஆம்பளப் புள்ள."

"நான்?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் கண்ணில் குற்றம் எதுவும் இல்லை. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. ரொம்ப இயல்பாக, சோறு ஆச்சா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: "நீ இருக்கியேன்னுதான அவன வுட்டேன்."

என்னை வைத்துத்தான் பேரம் முடிந்திருக்கிறது. என்னிடம் கேட்காமல், என் முதுகுக்குப் பின்னால்கூட இல்லை, என் முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டு. கருகின வெந்நீர் என்று சிரித்த அந்தச் சிரிப்பு. பொங்கலிலிருந்து அந்த வீட்டில் நான் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் இரண்டு பேர் பார்க்க ஒருத்தி சாப்பிட்ட சோறு.

பின்வாசலுக்குப் போனேன். துவைக்கிற கல்லின் மேல் புதிய பம்ப்பை மல்லாத்தி, அதன் முகத்தில் காகிதத்தைப் பரப்பினேன். சின்னச் சுத்தியால் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தால் இரும்பின் விளிம்பே காகிதத்தை வெட்டிவிடும். கத்தரிக்கோல் வேண்டாம். டொக், டொக், டொக். தோள்பட்டைப் பக்கத்தை வெட்டினேன். ஏன் வெட்டினேன், கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்குள் ஒருத்தி கேட்கிறாள். கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் பதில்.

அண்ணன் ஸ்பானரோடு வந்தான். கல்லில் கிடந்த மிச்சக் காகிதத்தைப் பார்த்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், நீலக் கோட்டோடு, அவனுடைய கை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கோழி கொக்கரித்தது. எங்கோ யாரோ தேங்காய் துருவுகிற சத்தம்.

"கை நீளத்த இறக்கிட்டாராம்" என்றேன். "சொல்லச் சொன்னாரு."

"பாப்பா…"

"எப்ப?"

"நாளைக்குக் காலைல." அவன் ஸ்பானரைப் பார்த்தே பேசினான். "பம்ப் அனுப்பினாரே, அந்த ஆளு வண்டிய எடுத்துக்கறாரு. அதுக்கு பதிலாத்தான் என் டிக்கெட்டு. ஓடற வண்டியாக் கொண்டாந்து குடுக்கணும்னு பேச்சு. நாளைக்கு சாயந்திரம் வரைக்கும்தான் மெட்ராஸ்ல இருப்பாராம். மறுநா எனக்குக் கப்பல்."

"என்ன ஹாஸ்டல்ல எறக்கி வுடறேன்ன."

அவன் ஸ்பானரை மறு கைக்கு மாற்றினான்.

"ரெண்டு சீட்டு வண்டி. பக்கத்துல காலியாத்தான போவுது?"

"அம்மா?" என்றான்.

அந்த ஒரு சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொன்னான். அதை அவனும் ஒருமுறை தன்னிடமே கேட்டுப் பார்த்திருக்கலாம்.

"மொதல்லயே சொல்லிருக்கலாமே. பொங்கலுக்கே சொல்லிருக்கலாம். அழுதிருப்பேன், சண்ட போட்டிருப்பேன். வேற வழி பாத்திருப்பேன். சித்தப்பா கால்ல வுழுந்திருப்பேன்."

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். பொய் சொல்லத்தான் யோசிக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஆறு மாதத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னான்.

"சொல்லிருந்தா நீ கைய வெச்சிருக்க மாட்ட."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் மறந்திருப்பேன்.

பிறகு அவன் எழுந்து பம்ப்பைப் பொருத்தப் போனான். பேக்கிங்கை விளக்கெண்ணெயில் ஊற வைத்து, எஞ்சின் முகத்தில் ஒட்டி, பம்ப்பைத் தூக்கி அதில் நீட்டிக்கொண்டிருந்த மரை ஆணிகளில் மாட்டினான். மூன்று நட்டையும் முடுக்கினான். நாலாவதை எடுத்துக்கொண்டு கையை விட்டான். என்னைக் கூப்பிடவில்லை. அது அவனிடம் மிச்சம் இருந்த வெட்கம். நட்டு நழுவிக் கீழே விழுந்தது. தேடி எடுத்தான். மறுபடி. மறுபடி விழுந்தது. மணிக்கட்டு உரிந்து ரத்தம் வடிந்தது. வெயில் ஏறியது. நான் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவனால் முடியாது என்று எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்தபடியே உட்கார்ந்திருந்தால் போதும். வண்டி ஓடாது, மெட்ராஸ்காரர் கிளம்பிவிடுவார், கப்பல் போய்விடும், அண்ணன் வீட்டில் இருப்பான். இருப்பான்தான். தினமும் ஷிஃப்டு முடிந்து வந்து, கிணற்றடியில் நிற்கிற அந்த வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருப்பான். எனக்கு வேண்டியது அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன அண்ணன். அவன் பொங்கலுக்கே கிளம்பிப் போய்விட்டான். மிச்சம் இருந்த இந்த ஆளைக் கட்டிப்போட்டு நான் என்ன செய்வது?

"தள்ளு" என்றேன்.

வளையலைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டுக் கையை விட்டேன். நட்டு ஆணியின் நுனியைத் தேடியது. கிடைத்தது. முதல் மரை பிடிக்கும்போது ஒரு சின்ன இசைவு வரும், அது வந்தது. கால் சுற்று. இன்னொரு கால் சுற்று. என் கன்னம் ரேடியேட்டரில் பதிந்திருந்தது. ஒரு சாண் தூரத்தில் அவன் மூச்சு. இதற்கு மேல் திரும்பாது என்கிற வரைக்கும் முடுக்கினேன். அதற்கும் மேல் ஒரு மயிரிழை.

பேக்கிங் படிய ராத்திரி முழுக்க விட வேண்டும், விடிந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றலாம். அன்று மூன்று பேரும் சுதும்புக் குழம்பு சாப்பிட்டோம். குழம்பு நன்றாகவே இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

டிரெயினிங் இடம் வேறு யாருக்கோ போயிற்று. பிறகு நான் என்னென்னவோ செய்தேன். டியூஷன் எடுத்தேன், ஒரு ரொட்டிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தேன், கல்லாவில் ஆள் வராத நேரத்தில் எழுத ஆரம்பித்தேன். அம்மாவைக் கடைசி வரைக்கும் நான்தான் தூக்கி உட்கார வைத்தேன். அவள் மேல் கோபம் போயிற்றா என்று கேட்டால், தூக்குகிறபோது போய்விடும், இறக்கி வைத்ததும் வந்துவிடும். அண்ணன் பனியில் நிற்கிற படம் ஒன்று வந்தது. கோட்டின் கை அளவாகத்தான் இருந்தது.

அந்தக் காலையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். விடிகிற நேரம். தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டு வந்து நானே ஊற்றினேன். அண்ணன் முன்னால் நின்று கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். இருமியது. மறுபடி சுற்றினான். ஒரு வருஷம் ஊமையாக இருந்தது திடீரென்று குரல் எடுத்தது. கோழி அலறிக்கொண்டு சுவர் ஏறியது. பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. அம்மா வாசற்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தன் பங்கை முன்னாலேயே சொல்லி முடித்திருந்தாள், "போயிட்டு வாடா" என்று, இரண்டு தடவை.

அண்ணன் ஏறி உட்கார்ந்தான். பக்கத்துச் சீட்டில் தகரப்பெட்டி, அதன் மேல் தையல்காரர் விடியக்காலையில் கொடுத்தனுப்பிய கோட்டு, காகிதத்தில் சுற்றினபடி. எஞ்சின் சூடாகும் வரைக்கும் காத்திருந்தான். அவன் இடத்திலிருந்து பம்ப் தெரியாது. இறங்கிப் பார்த்திருக்கலாம். இறங்கவில்லை. நேற்று அத்தனை ஆன பிறகும், வண்டி விஷயத்தில் அவனுக்கு என் கண் போதும்.

"ஒழுகுதா பாரு பாப்பா" என்றான்.

மண்டியிட்டுக் குனிந்தேன். வண்டியின் மூக்குக்குள் வெளிச்சம் இப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. விசிறி சுற்றியது. தண்டு சத்தமில்லாமல் சுற்றியது. காகித விளிம்பு ஒரு மெல்லிய பழுப்புக் கோடாக, இரண்டு இரும்புக்கும் நடுவே. அதன் கீழே நாலாவது நட்டு. என் விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆமாம் ஒழுகுது என்றால் அவன் எஞ்சினை அணைத்திருப்பான், எல்லாவற்றையும் பிரித்திருப்பான், சாயங்காலம் வந்திருக்கும். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் எல்லாரும் என்னிடம் பொய் சொல்லி முடித்திருந்தார்கள். என் முறை வந்திருந்தது.

விரல் உலர்ந்திருந்தது.

எழுந்து பாவாடையில் மண்ணைத் தட்டினேன். தூணருகே அம்மாவின் உதடு அசைந்தது. நான் சொல்ல வேண்டியதை எனக்கு எடுத்துக்கொடுக்கிற மாதிரி, சத்தமில்லாமல், இரண்டு சொல்லாக. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"ஒழுகல" என்றேன். "போ."